அத்தை மட்டும் தெளிவாக விழுந்தார்

அந்தக் காலத்தில் விண்மீன் மண்டலத்தைப் படம் பிடிக்க முதலில் தேவைப்பட்டது ஓர் அத்தை. ஃபிலிம் ரோலின் முதல் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இருட்டை எடுத்த நெகட்டிவில் எது எங்கே முடிகிறது என்று ஸ்டுடியோக்காரருக்குத் தெரியாது; கத்தரி நடு மண்டலத்தில் விழும். அதனால் அத்தை திண்ணையில் உட்கார்ந்து போஸ் கொடுப்பார். பிறகு நாங்களே தேய்த்த ஆறு அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப்பை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் புறப்படுவோம்.

அந்த மலையின் இருட்டு சாதாரண இருட்டல்ல. வானியலாளர் வைணு பாப்பு 1960களில் தேடிக் கண்டுபிடித்தது. பின்னால் 1986-இல் அங்குள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியே வந்தது. எங்கள் குறி எம்51. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கும் மரீசிக்குப் பக்கத்தில், இரண்டு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் சுருள் மண்டலம். கல்யாணத்தில் அருந்ததி பார்த்தவர்களுக்கு அது அக்கம்பக்கம்தான்.

பூமி சுற்றுவதால் டெலஸ்கோப்பும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மோட்டார் உண்டு. ஆனால் பல்சக்கரம் சீராக ஓடாது. ஆகவே குறுக்குக் கோடு போட்ட கண்ணாடியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது நகரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம். கொசுவை அடிக்கவும் உரிமையில்லை. ஃபிலிமுக்கோ மங்கலான ஒளி என்றால் சோம்பல். நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் பலன் இரட்டிப்பாகாது.

"தம்பி, அந்தம்மா நல்லா வந்திருக்காங்க. மத்ததெல்லாம் காலி. பிரிண்ட் போடல, உங்களுக்குக் காசு மிச்சம்" என்பார் ஸ்டுடியோக்காரர். நெகட்டிவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, அதிலிருந்த கறுப்புத் தீற்றலை அத்தைக்குக் காட்டுவோம்.

"இதுக்காடா ராத்திரி பூரா?"

இப்போது மொட்டை மாடியில் டிஃபன் கேரியர் அளவில் ஒரு கருவி நிற்கிறது. லென்ஸ் ஐந்தே சென்டிமீட்டர். போனில் எம்51 என்று தட்டினால் போதும். வானத்தை ஒரு படம் எடுத்து, தன்னிடமுள்ள நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, தானே திரும்பிக்கொள்கிறது. பத்து பத்து விநாடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. நூறு படம் சேர்ந்தால் புள்ளி புள்ளியான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். நான் கீழே தோசை சாப்பிட்டு முடிப்பதற்குள் சுருளின் கைகள் இரண்டும், ஒரு கையின் முனையில் தொங்கும் குட்டி மண்டலமும் திரையில் வந்துவிடுகின்றன.

அயர்லாந்தின் பர் கோட்டையில் 1845-இல் ரோஸ் பிரபு 183 சென்டிமீட்டர் உலோகக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கையால் வரைந்த சுருள் இதுதான். ஒரு மண்டலம் சுருளாக இருப்பதை முதலில் கண்டவர் அவர். அவருடைய தொலைநோக்கியைத் திருப்ப ஆட்கள் தேவைப்பட்டார்கள். எனக்கு வைஃபை இருந்தால் போதும்.

இருட்டு மட்டும் கிடைப்பதில்லை. தெருவில் சோடியம் விளக்கு எரிந்த நாளில் அதன் மஞ்சளை ஃபில்டர் போட்டு வெட்டிவிடலாம். எல்.இ.டி. வெள்ளையில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. மண்டலத்தின் ஒளியிலும் அப்படியே. ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். இதே மாடியில் பழைய ஆறு அங்குலத்தை வைத்துப் பார்த்தால் எம்51 இருந்த இடத்தில் சாம்பல் நிற வானம்தான். படம் எடுக்க வராத காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு படம் பிரமாதமாக வருகிறது. இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள். நானும் போன் வால்பேப்பராக வைத்துக்கொண்டு ஆமாம் போடுகிறேன்.

சித்திரையில் இரவு பத்து மணிக்கு மேல் வடக்கே பாருங்கள். மரீசிக்குச் சற்று மேலே, மேற்குப் பக்கமாக. நல்ல இருட்டுள்ள ஊரில் பைனாகுலரிலேயே மங்கலான திட்டாகத் தெரியும். உங்கள் ஊரில் தெரியவில்லையென்றால் கருவி வாங்கக் கிளம்புவதற்கு முன் மாடியில் வீணாக எரியும் விளக்கை அணைத்துப் பாருங்கள். எந்த ஃபில்டராலும் முடியாததை அந்த சுவிட்ச் செய்யும், செலவும் இல்லை.