கம்பெனிப் பெட்டி

தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழன் மந்திர் மார்க் பக்கம் வீடு தேடுவதற்குக் காரணம் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இந்தச் சாலையிலேயே இருக்கிறது. 1939-ல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திர், பக்கத்திலேயே காளிபாரி, நடந்துபோகிற தூரத்தில் கோல் மார்க்கெட். முதுகுப்பக்கம் ரிட்ஜ் காடு. அந்தக் காட்டில் குரங்குகள்.

அங்கேயே இருக்கும் எங்கள் சந்தில் ஃபைபர் கேபிள் பூமிக்கடியில் வரவில்லை, வேப்பமரம் வழியாக வருகிறது. உள்ளே இருக்கும் கண்ணாடி இழையின் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். அதில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதற்கு மேல் குரங்கு ஓடுகிறது. இழை கொஞ்சம் அதிகமாக மடங்கினாலும் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கும். இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அந்தப் பெட்டியைத்தான்.

இன்டர்நெட், டி.வி., லேண்ட்லைன், மூன்றுக்கும் சேர்த்து ஒரே பில். பெட்டி இலவசம் என்றார்கள். டெபாசிட் மட்டும் கட்ட வேண்டுமாம். மாட்ட வந்த பையன் எங்கே ஓட்டை போட வசதியோ அங்கே போட்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே அதை ஆணியடித்துவிட்டுப் போனான். பழைய கட்டடம், சுவர் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர். செருப்புகளுக்கு அருமையான சிக்னல். படுக்கையறையில் உட்கார்ந்து ரிசல்ட் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு கோடு கூட இல்லை.

அதனால் நல்ல ரவுட்டர் ஒன்று சொந்தக் காசில் வாங்கினேன். நாலு ஆன்டெனா. பையன் மறுபடி வந்தான். புதுப் பெட்டியைப் பார்த்த பார்வையில், வீட்டில் இன்னொரு டெக்னீஷியனைப் பார்த்துவிட்ட வருத்தம் தெரிந்தது. “இன்டர்நெட் சலேகா, அங்கிள்ஜி. டி.வி. நஹீ சலேகா,” என்றான். ஃபோன்? அதற்கு மேலே வானத்தைக் காட்டினான்.

கம்பெனி பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். தெருமுனையில் ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே வெளிச்சம்தான் வருகிறது. அவரவர் பங்கை அவரவர் பெட்டி பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்பும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் முறை உண்டு. ஏதோ ஒரு பெட்டி முறை தெரியாமல் விடாது வெளிச்சம் அடித்தால் அத்தனை வீட்டுக்கும் நெட் போய்விடும். அதனால்தான் பதிவான சீரியல் நம்பர் உள்ள பெட்டியோடு மட்டும் எக்ஸ்சேஞ்ச் பேசுகிறது. சரி, இழைக்குக் காவல் வேண்டும். ஆனால் அதே டப்பாவுக்குள் ரவுட்டரையும் வை-ஃபையையும் திணித்து, பாஸ்வேர்டையும் தங்களிடம் வைத்துக்கொள்வது எந்தக் காவலில் சேர்த்தி?

நான் இரண்டு பெட்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். டி.வி. ஓடியது. அம்மா தொடர் பார்க்க உட்கார்ந்தாள். மருமகள் மாமியாரை முறைத்தாள். இசை நின்றது. மருமகள் முறைத்துக்கொண்டே இருந்தாள். தமிழ்த் தொடரில் இதெல்லாம் சகஜம் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா திரும்பி, “இன்னிக்கு என்னடா இவ இவ்ளோ நேரமா முறைக்கிறா?” என்று கேட்டபோதுதான் டி.வி. நின்றுபோயிருப்பது தெரிந்தது.

விஷயம் இதுதான். இந்த மாதிரி இணைப்பில் டி.வி. பெட்டி ‘இந்தச் சேனல் வேண்டும்’ என்று கேட்டு வாங்குகிறது. மேலே இருந்து அவ்வப்போது ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று விசாரணை வரும். வழக்கமான அமைப்பில் 260 விநாடிக்குள் பதில் போகாவிட்டால், ஆள் எழுந்து போய்விட்டார் என்று சேனலை நிறுத்திவிடுவார்கள். என் நாலு ஆன்டெனாக்காரன் அந்த விசாரணையை அம்மாவின் டி.வி.க்குச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். கஸ்டமர் கேருக்கு அடித்தேன். ‘சொந்த ரவுட்டருக்கு நாங்கள் பொறுப்பில்லை, வேறு ஏதாவது உதவி வேண்டுமா?’ என்றது ஒரு இனிய குரல்.

நமக்கு இது பழகிய கதைதான். வீட்டுக் கறுப்பு ஃபோன் டெலிஃபோன் இலாகாவின் சொத்தாக இருந்த காலம் உண்டு. சொந்தக் காசில் வாங்கிய ரேடியோவுக்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டிய காலமும் உண்டு. அமெரிக்காவிலும் ஃபோன் கம்பெனியின் சொத்தாகத்தான் இருந்தது. டெக்ஸாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் வழக்காடி, நெட்வொர்க்குக்குக் கெடுதல் செய்யாத சொந்தக் கருவியை டெலிஃபோன் லைனில் சேர்க்கலாம் என்று 1968-ல் உத்தரவு வாங்கினார். அங்கும் டி.வி. வந்து சேர்ந்ததும் பழைய கதைதான். வெரைசன் கம்பெனியின் ஃபியோஸ் டி.வி. எடுத்தவர்களில் பலர், சேனல் பட்டியல் திரையில் வருவதற்காகவே கம்பெனி ரவுட்டரையும் ஒரு மூலையில் எரியவிட்டிருந்தார்கள். ஜெர்மனி 2016 ஆகஸ்ட் 1 முதல் சட்டமே போட்டது: கம்பெனியின் எல்லை சுவரில் இருக்கும் சாக்கெட், அதற்கு அப்புறம் எந்தப் பெட்டி என்பது வீட்டுக்காரர் இஷ்டம்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது மாமனார் வீட்டுக்குள் தனிக்குடித்தனம். கம்பெனிப் பெட்டி செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயே இருக்கிறது. இழையும் ஃபோனும் அதன் பொறுப்பு. டி.வி. பெட்டிக்கு அதிலிருந்து நேரே ஒரு வயர். அதன் வை-ஃபையை மட்டும் அணைக்கச் சொல்லி, என் ரவுட்டரை நடுக்கூடத்தில் வை-ஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்திருக்கிறேன். மருமகள் அளவோடு முறைக்கிறாள்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால், பிரிட்ஜ் மோட் (ரவுட்டர் வேலையை உங்கள் பெட்டிக்கு விட்டுக்கொடுப்பது) கொடுப்பார்களா, டி.வி. எந்த போர்ட்டில் வருகிறது, லேண்ட்லைன் என்ன ஆகும் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். மாட்டிய பிறகு கேட்டால் இனிய குரல்தான் கிடைக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கும் ஒரு விண்ணப்பம். எந்தச் சேனலுக்குக் காசு கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை 2019-ல் எங்களுக்குக் கொடுத்தீர்கள். செட்-டாப் பாக்ஸ் எந்தக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் பரிந்துரையும் செய்தீர்கள். அப்படியே அந்தச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருப்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.