மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்

எந்தக் கஷ்டம் வந்தாலும் எங்கள் பாட்டி கையை மேலே தூக்கி, "மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான்" என்பாள். நாலு புத்தகம் படித்த திமிரில் நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். தப்பு. மேலே நிஜமாகவே ஒருவன் இருக்கிறான். 747 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறான். பெயர் நிசார். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து பெற்ற பிள்ளை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினான். 12 மீட்டர் அகலத்துக்கு ஆன்டெனாக் குடையை விரித்துக்கொண்டு, 12 நாளில் மறுபடி அதே பாதைக்கு வந்துவிடுகிறான்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் என்றால் சென்னைக்காரர்கள் மொட்டை மாடியில் ஏறி நின்று கைதட்டுவது வழக்கம். டிசம்பர் வந்தால் அதே மொட்டை மாடியில் நின்று, ஹெலிகாப்டர் சோற்றுப் பொட்டலம் போடுமா என்று பார்ப்பதும் வழக்கம். அண்ணாந்து பார்ப்பதில் நமக்கு நல்ல பயிற்சி உண்டு.

நிசார் ஒற்றைப் பிள்ளையும் இல்லை. 1988-இல் போன ஐ.ஆர்.எஸ்.-1ஏ தொடங்கி, 2012-இல் ரிசாட்-1, 2022-இல் இ.ஓ.எஸ்.-04 என்று அண்ணன்மார் பட்டாளமே உண்டு. ஐரோப்பியர்களின் சென்டினல்-1 எடுக்கும் படத்தை எவர் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் இப்படிப்பட்ட படங்களை வைத்து, தண்ணீர் நின்ற இடத்துக்கு வண்ணம் பூசி, வெள்ள வரைபடமாக்கி அனுப்புகிறது. ஒரு காலத்தில் ஏரிக்கரைக்கு ஓர் அய்யனார் காவல். இன்றைக்கு வானம் முழுக்கக் காவல். ஏரிதான் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரப் பிள்ளைகள். சாதாரணக் கேமராவை மேலே அனுப்பினால் புயல் நாளில் அதற்குத் தெரிவதெல்லாம் மேகத்தின் முதுகுதான். நிசார் போன்ற ராடார் பிள்ளைகளுக்கு மேகமும் தடையில்லை, இருட்டும் தடையில்லை. தாங்களே ஒரு நுண்ணலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் எழுதுவார்கள். கரடுமுரடான நிலம் அலையைச் சிதறடித்து அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி. வந்த அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். அலை திரும்பாத இடம் படத்தில் கறுப்பு. கறுப்பு என்றால் தண்ணீர்.

ஊருக்குள் வந்தால் இந்தக் கணக்கு புரண்டுவிடும். தெருத் தண்ணீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதி, வந்த வழியே பலமாகத் திரும்பும். கழுத்தளவு தண்ணீர் நிற்கும் தெரு, படத்தில் பளிச்சென்று மின்னும். நமக்கு மேடைகளில் வாக்களிக்கப்பட்ட ஒளிமயமான எதிர்காலம் இதுதான் போலிருக்கிறது. விஞ்ஞானிகளுக்கு இந்தக் கோளாறு தெரியும். சரிக்கட்டும் வழிகளும் வைத்திருக்கிறார்கள். தெரியாதவர்கள் யார் என்பதை 2023 டிசம்பரில் தெரிந்துகொண்டேன்.

மிக்ஜாம் புயல் போன பிறகும் வேளச்சேரிப் பக்கத்தில் எங்கள் தெருவில் நாலு நாள் தண்ணீர். நான் முதல் மாடி. கீழ்வீட்டு அக்காவின் ஃப்ரிட்ஜ் சமையலறையிலிருந்து தானாகக் கிளம்பி, ஹாலைக் கடந்து, வாசல் கதவில் முட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. பதினைந்து வருஷமாக ஓரடி நகர்த்த முடியாத ஃப்ரிட்ஜ் அது. வெள்ளம் வடிந்ததும், நீர் தேங்கும் தெருக்களின் பட்டியலில் எங்கள் தெருவைச் சேர்க்கச் சொல்லி நாங்கள் இருவரும் ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போனோம்.

மேஜைமேல் வரைபடம் இருந்தது. வானத்திலிருந்து நீலமும் பச்சையுமாக இறங்கி வந்தது, கலர் பிரிண்டரில் மை தீர்ந்துபோனதால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகக் கிடந்தது. தண்ணீரும் சாம்பல், பூங்காவும் சாம்பல். அதன் ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம் மட்டும் நல்ல பழுப்பு. எழுத்தர் பேனா முனையால் தேடி ஓர் இடத்தில் குத்தினார்.

"உங்க தெரு வெள்ளையா இருக்கு சார். வெள்ளைன்னா தண்ணி இல்ல."

"அப்ப நாலு நாளா நான் இடுப்பளவு நின்னது எதுல தம்பி?" என்றாள் அக்கா.

"அது எனக்குத் தெரியாதும்மா. சேட்டிலைட் பொய் சொல்லாது."

"சேட்டிலைட் சொல்லாது தம்பி. ஜெராக்ஸ் சொல்லுமே."

மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். எதன்மேல் வைத்தார் என்று கேட்காதீர்கள். விண்ணிலிருந்து தரைக்கு அந்தப் படம் ஒளியின் வேகத்தில் வந்தது. ஹைதராபாத்திலிருந்து கோட்டைக்கு மின்னஞ்சலின் வேகத்தில் வந்தது. கோட்டையிலிருந்து எங்கள் தெருவுக்கு அது கோப்பின் வேகத்தில் வரவேண்டும். விண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை இமைக்கும் நேரத்தில் கடந்த படம், கடைசி சில கிலோமீட்டரில் கால் நீட்டிப் படுத்துவிட்டது.

நம் நிர்வாகத்தில் படத்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. சென்னை மூழ்கிய 2015 டிசம்பர் 1 இரவிலும் ரிசாட்-1 மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. மழை வருகிறது என்ற அறிவிப்பு இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் 24 அடியில் எத்தனை அடி நிரம்பியிருக்கிறது என்பது மணிக்கு மணி தெரிந்திருந்தது. அரசு சொன்ன கணக்குப்படியே விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கியது. கரையோரம் தூங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு முதல் எச்சரிக்கை பாயின் ஈரமாகத்தான் வந்தது. 1878-இல் தொடங்கிய 'தி இந்து'வின் சென்னைப் பதிப்பு மறுநாள் அச்சாகவில்லை. விமான நிலையத்தை நாள்கணக்கில் மூடினார்கள். அதன் ஓடுபாதை ஒன்று அடையாற்றின்மேல் பாலம் போட்டுப் படுத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் வேண்டாம், ஜன்னல் சீட் போதும்.

2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. எந்த மனிதர்கள்? விண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் பொருளைப் பிரித்துக் காட்டும் கேமராக்கள் வந்துவிட்ட உலகம் இது. ஒரு கையெழுத்து மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

சரி, வெள்ளம் திடீரென்று வந்தது, படம் எடுக்க நேரமில்லை என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கரணை திடீரென்றா போனது? 1972-இல் அமெரிக்கா முதல் லேண்ட்சாட்டை ஏவிய காலத்திலிருந்து மேலேயிருந்து பூமியைப் படம் பிடிக்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அதில் ஓர் ஆல்பமே தேறும். பிறந்தநாள் ஆல்பத்தில் குழந்தை வருஷா வருஷம் வளரும். இந்த ஆல்பத்தில் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போகிறது. 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர். அதன்மேல் பெருங்குடிக் குப்பை மேடு ஏறியது. கணினிப் பூங்காக்கள் ஏறின. கடல்சார் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனத்தை அரசே அங்கே கொண்டுபோய்க் கட்டியது. ஆராய்ச்சிக்குக் கடல் வாசலுக்கே வரட்டும் என்ற தொலைநோக்காக இருக்கலாம். மிஞ்சியதைக் காப்பாற்ற 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஆளைப் படுத்த படுக்கையாக்கிவிட்டுப் பொன்னாடை போர்த்துவது நம் ஊர்ப் பண்பாடுதானே.

தென்சென்னை ஏரிகளின் மிச்சத் தண்ணீர் இந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைச் சேரவேண்டும். அந்தக் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். 265 ஏக்கராக இருந்ததாகச் சொல்லப்படும் வேளச்சேரி ஏரியை 55 ஏக்கராக்கினோம். பிறகு அதன் கரையில் "ஏரி பார்த்த வீடு" என்று விளம்பரம் செய்து விற்றோம். வாங்கியவர்கள் டிசம்பரில் கட்டிலில் சம்மணமிட்டபடி ஏரியைப் பார்க்கிறார்கள். விளம்பரத்தில் ஒரு சொல் பொய்யில்லை.

இதெல்லாம் எப்படி நடந்தது என்றால், இந்த ஊருக்கு இரண்டு வரைபடங்கள். ஒன்று வானத்தில் இருக்கிறது. அதில் அந்த இடம் தண்ணீர். இன்னொன்று வருவாய்த் துறை அலமாரியில் இருக்கிறது. அதில் அதே இடம் தரிசு. வெள்ளைக்காரன் தன் காலத்தில், வரி தராத சதுப்பெல்லாம் வீண் நிலம் என்று எழுதிவைத்தான். அவன் போய்விட்டான், எழுத்தை மட்டும் பூப்போல் காப்பாற்றி வைத்திருக்கிறோம். வீண் நிலம் என்றால் யாருக்காவது கொடுக்கலாம். கொடுத்தால் பட்டா. பட்டாவுக்குப் பின் பத்திரம், பத்திரத்துக்குப் பின் வங்கிக் கடன், எல்லாவற்றுக்கும் பின் மோட்டார் பம்பு. ராடாருக்கு மேகத்தை ஊடுருவத் தெரியும். பட்டாவை ஊடுருவத் தெரியாது.

செயற்கைக்கோளால் ஒரு காரியமும் நடக்கவில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஒன்று கச்சிதமாக நடந்தது. 2015-க்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் ஆக்கிரமிப்பு எங்கே என்று தேடினார்கள். உடனே கிடைத்தது. தகரக் கூரை மேலேயிருந்து நன்றாக மின்னும் அல்லவா? ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றினார்கள். பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளையும், வேலைக்குப் போகும் வீடுகளை விட்டுப் பெண்களையும் பிய்த்தெடுத்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, தண்ணீர் வந்து நிற்கும் இடத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். மழை பெய்தால் அங்கேயும் தெருவெல்லாம் தண்ணீர்தான். முன்பு மூழ்கினால் நடந்துபோகும் தூரத்தில் பிழைப்பாவது இருந்தது.

ஆற்றங்கரையில் குடிசை நின்றால் ஆக்கிரமிப்பு, அடுக்குமாடி நின்றால் வளர்ச்சி, ஓடுபாதை படுத்தால் உள்கட்டமைப்பு. மூன்றையும் அந்தப் பிள்ளை ஒரே கண்ணால்தான் படம் பிடித்து அனுப்புகிறான். புல்டோசரின் சாவியை வைத்திருப்பவர்களுக்குத்தான் ஒன்று மட்டும் தெரிகிறது. மற்ற இரண்டுக்கும் மேகமூட்டம்.

உருப்படியான வெள்ள வரைபடம் ஒன்று 2024 அக்டோபரில் வெளியானது. பெருமழை என்று அறிவிப்பு வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை ஓட்டிக்கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். எந்த மையமும் தயாரிக்கவில்லை, எந்தக் கோப்பும் நகரவில்லை. தண்ணீர் எங்கே வரும், எங்கே வராது என்று அந்த ஒரு வரிசை துல்லியமாகச் சொல்லிவிட்டது. அரசாங்கத்தின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை அளக்கவும் அதைவிட நல்ல படம் கிடையாது. கார் இல்லாதவர்கள் எதை ஓட்டிக்கொண்டுபோய் மேலே நிறுத்துவது என்பது அந்தப் படத்திலும் இல்லை.

எங்கள் வீட்டுக் கீழ்ச்சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. அக்கா தன் பையன் வளர்வதை அந்தச் சுவரில்தான் அளந்தாள். பக்கத்திலேயே 2015 என்று ஒரு கோடு, 2023 என்று ஒரு கோடு, தண்ணீருக்கு. பையனும் வெள்ளமும் போட்டி போட்டு வளர்ந்த கணக்கு. போன கோடையில் அக்கா வீட்டைக் காலிசெய்துகொண்டு போனாள். மறுநாளே வீட்டுக்காரர் ஆளை வைத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார். "கோட்டைப் பார்த்தா எவன் சார் குடி வருவான்?" என்றார். அரசாங்க வேலையில் இருந்திருந்தால் நல்ல பதவிக்கு வந்திருப்பார்.

அடுத்த வாரம் ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. கைக்குழந்தை. ஈரம் காய்ந்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "மழைக்காலத்துல தண்ணி வருமா அங்கிள்?"

வீட்டுக்காரர் கையை மேலே தூக்கினார். "மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான்மா."

முதல் மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.