கேள்வி-பதில்: ஸ்பேனர் உண்டு, பாஸ்வேர்டு இல்லை

எங்கள் ஊர் மெக்கானிக், சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அவரே இப்போது புது வண்டியைக் கண்டால் "தூத்துக்குடிக்குக் கொண்டு போங்கண்ணே" என்கிறாரே, தொழில் மறந்துவிட்டதா? (ஓட்டப்பிடாரம் வாசகர்)

அவருக்குக் காது இருக்கிறது. வண்டிதான் வாயை மூடிக்கொண்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு, புகையைக் கண்காணிக்கவே ஏகப்பட்ட சென்சார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருக வேண்டும். கடையில் விற்கிற ஸ்கேனர் கோளாறின் நம்பரைச் சொல்லும். புது இன்ஜெக்டரை மாட்டி அதன் குறியீட்டைப் பதிவு செய்ய, புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த, பல வண்டிகள் கம்பெனி மென்பொருளைத்தான் கேட்கும். ஸ்பேனர் கோவில்பட்டியில் கிடைக்கும். பாஸ்வேர்டு?

இதைக் கேட்க ஆளே இல்லையா? (கோவில்பட்டி)

கேட்டார்கள். 2011-ல் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் மூன்றின் மேலும் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். தோண்டத் தோண்ட மாருதி, டாடா, மஹிந்திரா வரை வந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம். உதிரிபாகம், ஸ்கேனர், ரிப்பேர் விவரம் எல்லாம் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்று உத்தரவு. கம்பெனிகள் சும்மா இருக்குமா, மேல்முறையீடு! 2016 டிசம்பரில் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் வழக்கில் தீர்ப்பாயம் 'தப்பு தப்புதான்' என்றது. அபராதத்தை மட்டும் குறைத்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் திறந்துவைத்தது. தளம் திறந்துவிட்டது. சாக்கெட்தான் பாக்கி.

வெளியில் காட்டினால் வாரண்டி போய்விடுமாமே? (பசுவந்தனை)

வெளியில் பார்த்ததற்காகவே மொத்த வாரண்டியையும் பறிக்கக் கூடாது. வெளிப் பட்டறையின் தப்பான வேலையால் கெட்டதற்கு மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த 2014 உத்தரவில் உண்டு. "போய்விடும்" என்பவரிடம், "அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வாரண்டி அங்கேயே பிழைத்துக்கொள்ளும். பட்டறை பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

கம்பெனி பக்கம் நியாயமே இல்லையா? (எட்டயபுரம்)

இருக்கிறது. ஏர்பேக்கில் விவரம் தெரியாதவர் கை வைத்தால் ஆபத்து. சாவிக் குறியீடு திருடன் கைக்குப் போனால் வண்டியே போச்சு. அதற்காக ஊர் மெக்கானிக் அத்தனை பேரையும் திருடனாக்குவதா? ஐரோப்பாவில் 2007-லேயே சட்டம் போட்டு, நியாயமான கட்டணத்துக்கு வெளிப் பட்டறைக்கும் விவரம் தரச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டு வாங்கினார்கள். நாம் ஓட்டுக்கு வேறு என்னென்னவோ வாங்குகிறோம்.

வ.உ.சி. இன்று இருந்திருந்தால்? (மறுபடியும் ஓட்டப்பிடாரம்!)

பிறந்த ஊர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்! 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதே, தூத்துக்குடி–கொழும்புக் கடலில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் தனிக்காட்டு ராஜ்ஜியத்தை உடைக்கத்தான். இன்றைய கார் கம்பெனிகளோடு ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வெள்ளைக்காரக் கம்பெனி, போட்டியாளரை ஒழிக்கக் கட்டணத்தைக் குறைத்தது. சர்வீஸ் பில்லில் நமக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.