தலைக்குக் குளித்தாயிற்று

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ கேட்கப்போகும் கேள்விக்கு முதலிலேயே பதில்: மயானத்துக்குப் போய்வந்தோம், எல்லோரும் தலைக்குக் குளித்தாயிற்று. எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாநிலத்திலிருக்கும் கான்கார்டு என்ற ஊருக்குக் காரில் கிளம்பினோம். உன் மருமகள் விடியற்காலையிலேயே புளிசாதம் கிளறிவிட்டாள். முதலில் வடக்குப் பாலம். 1775 ஏப்ரல் 19 அன்று உள்ளூர் அமெரிக்கக் குடியானவர்கள் பிரிட்டிஷ் பட்டாளத்தைச் சுட்டுத் துரத்திய இடம். சின்னவன் மரப்பாலத்தில் நாலு தடவை ஓடிவிட்டு, "அவ்வளவுதானா?" என்றான்.

அடுத்தது ஸ்லீப்பி ஹாலோ இடுகாடு. தூங்குமூஞ்சிப் பள்ளம் என்று வைத்துக்கொள். அதில் எழுத்தாளர்களுக்கென்றே ஒரு மேடு. எமர்சன், ஹாதார்ன், ஆல்காட், தோரோ என்று நாலு குடும்பமும் கூப்பிடு தூரத்தில். எமர்சனுக்குப் பெரிய பாறை. வரி கட்டமாட்டேன் என்று ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்தாரே, காந்திகூடப் படித்தாரே, அந்தத் தோரோவுக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத கல். அதில் 'ஹென்றி' என்று மட்டும். நம் ரேஷன் கார்டிலேயே இதைவிட அதிகம் எழுதியிருக்கும்! சுற்றிலும் பென்சில்கள். அவர் வீட்டார் பென்சில் செய்து விற்றவர்கள். அதனால் வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். சின்னவன் ஒன்றை எடுத்துக் கூர் பார்க்க, "படைச்சதை எடுக்காதே!" என்று உன் மருமகள் அதட்டினாள். பெரியவள் தன் பங்குக்கு ஒன்று வைத்தாள். நுனி கடித்த பென்சில்.

பிறகு வால்டன் குளம். 1845 ஜூலை 4 முதல் 2 வருஷம், 2 மாதம், 2 நாள் தோரோ இதன் கரையில் தனியாக இருந்தார். 10க்கு 15 அடியில் அவரே கட்டிய குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். வெளிமாநில வண்டி என்பதால் காரை நிறுத்த நான் கட்டியது 30 டாலர்.

இனிதான் விஷயம். பாஸ்டன் வியாபாரி டியூடர் இந்தப் பக்கத்துக் குளங்களின் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மெட்ராசுக்குக் கப்பலேற்றினார். அதைப் பத்திரப்படுத்த 1842இல் எழுந்ததுதான் நீ தினமும் நடந்துபோகும் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். 1846–47 குளிர்காலத்தில் வால்டனிலும் வெட்டினார்கள். மெட்ராஸ்காரர்கள் தன் குளத்துத் தண்ணீரைக் குடிப்பதாகத் தோரோவே புத்தகத்தில் பெருமைப்பட்டிருக்கிறார்.

அந்தக் குளத்தில்தான் மூன்று முழுக்குப் போட்டோம். ஜூலை மாதத்திலும் பல் கிட்டியது. திருவல்லிக்கேணி குடித்த தண்ணீர் என்றால் தீட்டு கழியாதா என்ன?

எல்லோரும் என்றேனே, அது முக்கால் உண்மை. உன் மருமகள் காலை நனைத்துப் பார்த்துவிட்டு, தலையில் மூன்று சொட்டுத் தெளித்துக்கொண்டாள். அது செல்லுமா என்று எழுதவும்.

அன்புடன்,
உன் மகன்