வித்தியாசமே தெரியாது!

"வித்தியாசமே தெரியாது" என்று மாமா சொல்லிவிட்டால், வித்தியாசம் கண்டிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். திருநெல்வேலியில் எந்த அல்வாக் கடைக்காரரும் இலைத் துண்டில் சூடாக அல்வாவை வைத்து நீட்டி, "சாப்பிட்டுப் பாருங்க, அல்வாவுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது" என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

மாமாவை உங்களுக்கும் தெரியும். எனக்கு அக்கா புருஷன். உங்களுக்குச் சித்தப்பாவாக இருக்கலாம், பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டியாக இருக்கலாம். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிந்துவிட்டது என்பதை இவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. வரகு, சாமை, தினை, குதிரைவாலி என்று அலமாரி முழுக்க டப்பா. அது குற்றமில்லை, எல்லாமே நல்ல தானியங்கள்தான். ஆனால் வரகை வரகாக இருக்க விடமாட்டார். அது பிரியாணியாக வேண்டும். கேழ்வரகு கூழாகவோ களியாகவோ இருந்தால் கேவலம், பிரவுனியாக வேண்டும். காலிஃப்ளவரைத் துருவி அதைச் சோறு என்பார். அந்த அடுப்படிக்குள் எந்தப் பொருளும் மாறுவேடம் போடாமல் நுழைய முடியாது.

போகட்டும், செய்துவிட்டார், நாமும் மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றால் அதுதான் நடக்காது. தட்டை நீட்டிய கையோடு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நம் கையைப் பார்ப்பார், பிறகு வாயைப் பார்ப்பார், கடைசியில் பார்வை தொண்டையில் வந்து நிலைகொள்ளும்.

"மெதுவா, மாப்ளே. ஒண்ணும் சொல்லாதே. முதல்ல முழுங்கு."

முழுங்குவோம்.

"இப்ப சொல்லு. வித்தியாசம் தெரியுதா?"

கவனியுங்கள், "நல்லா இருக்கா?" என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து ஒருநாளும் கேட்டதில்லை. பலகாரம் ருசிக்கிறதா என்பது அவர் கவலையே இல்லை. பிடிபடாமல் தப்பித்ததா, அதுதான் கேள்வி.

"தெரியலை மாமா" என்று சொன்னால் விட்டுவிடுவார் என்று நம்புகிறவர்கள் அந்த வீட்டுக்குப் புதியவர்கள். அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ எதுல செஞ்சதுன்னு சொல்லு பார்ப்போம்?" விவரம் தெரிந்தவர்கள்கூடக் கவிழ்கிற இடம் இது. உண்மையாகவே யோசித்து, "ஓட்ஸா மாமா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். கண்டுபிடித்துவிட்டோம். ஆகவே வித்தியாசம் தெரிகிறது. ஆகவே கோளாறு நம் நாக்கில். "ஹோட்டல்ல தின்னு தின்னு உனக்கு நாக்கே செத்துப்போச்சு" என்று ஆரம்பித்து, அஜினமோட்டோ, பாமாயில், நம் இடுப்புச் சுற்றளவு என்று அரைமணி நேரம் ஓடும்.

எனவே தப்பான விடைதான் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு பக்குவம் உண்டு. அவர் எதை ஒழித்துக்கட்டினாரோ அது தூக்கலாக இருக்கிறது என்று புகார் செய்ய வேண்டும். "ஆனா ஒண்ணு மாமா, நெய்தான் கொஞ்சம் அதிகமாயிடுச்சு போல" என்று லேசாக முகத்தைச் சுளியுங்கள். மனிதர் பூரித்துப்போவார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "கேட்டியா? நெய் அதிகமாம்! ஒரு சொட்டு ஊத்தலை!" என்று குரல் கொடுப்பார். அக்காவிடமிருந்து பதில் வராது. குக்கர் விசில்தான் வரும். இந்தப் பொய்க்குத் தண்டனையும் உடனே கிடைக்கும்: இன்னொரு துண்டு.

போன தீபாவளிக்கு அவர் செய்த மைசூர்பாகு அப்படி ஒரு துண்டு. கொதிக்கிற பாகில் கடலை மாவைக் கிளறிக்கொண்டே காய்ந்த நெய்யை ஊற்ற, அது நுரைத்துப் பொங்குவதால்தான் மைசூர்பாகில் கண் கண்ணாகத் துளை விழுகிறது. மாமாவின் மைசூர்பாகில் நெய்யும் இல்லை, பாகும் இல்லை; சீனித் துளசிப் பொடி போட்டு இறுக்கியது. ஆனால் துளைகள் இருந்தன. பல்குத்தும் குச்சியால் அவரே போட்டிருந்தார்.

ஏர் ஃப்ரையர் வந்த கதை தனி. சூடான காற்றைச் சுழற்றிவிடுகிற சின்ன ஓவன் அது, அவ்வளவுதான். காய்ந்த எண்ணெயில் விழுந்த நொடியில் மேல்தோல் பிடித்துக்கொள்வதால்தான் மெதுவடை வடையாக நிற்கிறது. காற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மாவு கூடையின் ஓட்டை வழியாக ஒழுகிவிட்டது. ஒழுகியதைச் சுரண்டி எடுத்து வந்து, "வடைத் தூள், மொறுமொறுன்னு இருக்கு பாரு" என்றார். குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டால் அதே மாவில் பிரமாதமான வடை வரும். ஆனால் பணியாரச் சட்டி அவர் மாமியார் கொடுத்தது. அதில் என்ன கண்டுபிடிப்பு இருக்கிறது?

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். ஒன்றே ஒன்று அப்படியில்லை. "சர்க்கரையே இல்லாத லட்டு" என்று ஒன்று செய்கிறார். பேரீச்சம்பழத்தையும் முந்திரியையும் அரைத்துப் பிடித்தது. பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. ருசிக்குக் குறைவில்லை, ஆனால் அது லேசான பண்டமுமில்லை, சர்க்கரையில்லாத பண்டமுமில்லை. நாட்டுச் சர்க்கரை விஷயமும் இதே. வெள்ளைச் சர்க்கரை 100 கிராமுக்குச் சுமார் 400 கலோரி என்றால், இது 380-ஐ ஒட்டி இருக்கிறது. இரும்புச் சத்து கொஞ்சம் உண்டு, சரி. அந்த இரும்பைப் பார்த்துப் பயந்து ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் நின்றுவிடாது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கில் தேனும் சேர்த்திதான். ஆனால் மாமா, வருஷக்கணக்காகச் சர்க்கரை மாத்திரை போடுகிற பெரியம்மாவிடம் தட்டை நீட்டி, "சுகர்காரங்களும் தாராளமா சாப்பிடலாம்" என்கிறார். பெரியம்மாவும் நம்பி நாலு சாப்பிடுகிறார். இது தப்பு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "பேரீச்சம்பழ லட்டு" என்று உள்ளது உள்ளபடி சொல்லிக் கொடுக்கட்டும், பெரியம்மா பாதியோடு நிறுத்திக்கொள்வார்.

ருசி கெடாமல் லேசாகச் சமைக்கிற ஆள் அந்த வீட்டில் உண்டு. அது அக்கா. உருளைக்கிழங்கை முக்கால் பதம் வேகவைத்துவிட்டுத்தான் வாணலியில் போடுவாள். எண்ணெய் குடிக்காமலே முறுகிவிடும். வெண்பொங்கலில் நெய்யைத் தொடக்கத்திலேயே கொட்டமாட்டாள். இறக்கும் சமயத்தில் ஒரு கரண்டி நெய்யில் மிளகும் சீரகமும் பொரித்து மேலே கொட்டினால் தெருமுனை வரை மணக்கும். அப்பளத்தை அடுப்பில் சுட்டுவிடுவாள். பொரியலில் உப்பைக் குறைத்த நாளில் எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுவாள். குழம்புக்கு ஊற்றுகிற எண்ணெயைப் பாதியாகக் குறைத்துப் பல வருஷமாகிறது. யாரிடமும் அறிவிக்கவில்லை, யாரையும் எதிரே உட்கார்ந்து பார்க்கவில்லை. மாமா இன்றைக்கும் அந்தக் குழம்பை, "இதுல எண்ணெய் ஜாஸ்தி" என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று கரண்டி ஊற்றிக்கொள்கிறார்.

அதற்காக மாமாவின் நீர்மோரைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதை மட்டும் யாரையும் தொடவிடமாட்டார். முதல் நாளே உறை ஊற்றி, லேசாகப் புளித்த தயிரை மத்தால் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீரைத் தாராளமாகச் சேர்ப்பார். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை மூன்றையும் சின்ன உரலில் நசுக்கிப் போட்டு, கல்லுப்பும் பெருங்காயமும் கலந்து மண்பானையில் ஊற்றி வைப்பார். மாங்காய்க் காலமானால் கொஞ்சம் துருவல். சித்திரை வெயிலில் போய் நின்றால் டம்ளரை நீட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். நாற்காலி இழுக்கப்படாது. தொண்டை பார்க்கப்படாது. பழக்கதோஷத்தில் நானே ஒருமுறை கேட்டேன்: "இதுல எதை மாத்தினீங்க மாமா?"

"மோர்ல என்னத்தைடா மாத்துறது?" என்றார், நிஜமான கோபத்தோடு.

அந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோர் வேண்டுமென்றால் மோர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "குடிக்க ஏதாவது" என்று பொதுப்படையாகக் கேட்டவர்களுக்குப் பீட்ரூட்டில் செய்த ரோஸ்மில்க் வந்திருக்கிறது.