நிலவறை நெமோ

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் வரவேற்பறையும் சமையலறையும் மனைவியின் ஆட்சிக்கு உட்பட்டவை. கார் கொட்டகையைப் பிள்ளைகள் விட்டுப்போன சைக்கிள்களும் பழைய சோபாவும் பிடித்துக்கொண்டிருக்கும். கணவருக்கு மிஞ்சுவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை. அங்கே துணி துவைக்கும் மெஷினுக்கும் வெந்நீர் பாய்லருக்கும் நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு விளக்கு, விளக்கின் கீழ் ஒரு வழுக்கைத் தலை. அந்தத் தலைக்குச் சொந்தக்காரர்தான் நம் கதாநாயகர். வயது எழுபதை நெருங்குகிறது. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் இடுக்கி. இடுக்கியின் நுனியில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை, சற்றுமுன்தான் அது கீழே விழுந்தது.

இவர் பிளாஸ்டிக் நீர்மூழ்கி கட்டுகிறவர். அதிலும் எந்த நாட்டுக் கடற்படையிலும் இல்லாத, சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் மட்டுமே மூழ்கி எழுந்த நீர்மூழ்கிகள். கட்டுவதோடு விடமாட்டார், உள்ளே விளக்கும் போடுவார்.

“நிஜக் கப்பலாகப் பார்த்துக் கட்டக் கூடாதா?” என்று கேட்டால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நிஜப் போர் நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. அமெரிக்கா 1954 ஜனவரியில் கடலில் இறக்கிய உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக்கும் நாட்டிலஸ் என்றுதான் பெயர். ஆனால் அது ஒரு நீண்ட இரும்புக் குழாய். உள்ளே ஆயிரம் விளக்கு எரிந்தாலும் வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் வராது. வந்தால் எதிரி பார்த்துவிடுவான். ஒளிந்துகொள்வதற்கென்றே கட்டிய கப்பலுக்குத் திருவிழாத் தேர் மாதிரி சீரியல் செட் மாட்ட முடியுமா?

அதே 1954-ல் டிசம்பர் மாதம் வால்ட் டிஸ்னியின் படம் வந்தது, கேப்டன் நெமோவும் அவருடைய நீர்மூழ்கி நாட்டிலஸும் வரும் படம். அதற்காக ஹார்ப்பர் காஃப் வடிவமைத்த நாட்டிலஸுக்கு முதுகில் ரம்பப் பல், முகத்தில் பிதுங்கிய இரண்டு கண், விலாவில் பெரிய வட்ட ஜன்னல், உடம்பெங்கும் ரிவிட். கதையை எழுதிய ஜூல் வெர்ன் இதைப் பார்த்திருந்தால் திகைத்திருப்பார். அவர் புத்தகத்தில் நாட்டிலஸ் வெறும் சுருட்டு வடிவம்தான்: 70 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆனால் விளக்கு மட்டும் வெர்ன் கொடுத்ததே. 1866-ல் கடலில் ஏதோ ஒன்று ஒளிவிட்டுக்கொண்டு திரிகிறது, அது ராட்சத விலங்கு என்று உலகம் நடுங்குகிறது. கதை தொடங்குவதே இப்படித்தான். வெர்ன் இதைத் தொடராக வெளியிட ஆரம்பித்தது 1869-ல். எடிசன் பல்பை எரிய வைத்தது 1879-ல். “எடிசனுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே எரிந்த கப்பல் இது. இதை இருட்டிலே வைக்கலாமா?” என்று நம் கதாநாயகர் கேட்கும்போது குரலில் லேசாகக் கோபம் தெரியும், அணைத்தது நாம்தான் என்பது போல.

இந்தக் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1964 முதல் 1968 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இர்வின் ஆலனின் ‘வாயேஜ் டு தி பாட்டம் ஆஃப் தி சீ’ 110 வாரக் கதைகளாக ஓடியது. அதில் வரும் கப்பல் ‘சீவியூ’. மூக்கிலேயே கண்ணாடி ஜன்னல் வைத்த நீர்மூழ்கி. அரோரா கம்பெனி அதை பிளாஸ்டிக் கிட்டாக விற்றது. பத்து வயதில் நம்மவர் அதை வாங்கி, ஒட்டி, மூக்குக்குள் டார்ச் பல்பை வைத்தார். சீவியூ ஒளிர்ந்தது. பல்பு சுட்டது. கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் சூட்டைத் தாங்குகிற சாதியல்ல. சற்று நேரத்தில் கப்பலின் மூக்கு மார்பை நோக்கித் தாழ்ந்தது.

அன்றைக்குத் தோற்றவர் பிறகு படித்தார், வேலைக்குப் போனார், பிள்ளைகளைக் கரையேற்றினார், ஓய்வும் பெற்றார். இதற்கிடையில் ஜப்பானில் அகாசாகி, அமானோ, நாகமுரா என்று மூவர் நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார்கள். அதிலிருந்து சூடு குறைந்த வெள்ளை எல்.இ.டி. வந்தது. 2014-ல் மூவருக்கும் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் வெள்ளை விளக்குக்கு வழிசெய்ததற்காக என்றது பரிசுக் குழு. சீவியூவின் மூக்கு இனி உருகாது என்பதற்காக என்பது இவர் கட்சி.

இனி, தொழிலைப் பார்ப்போம். கிட் பெட்டி வந்ததும் மாடல்காரர் முதலில் செய்வது கட்டுவதல்ல, முகர்வது. பிறகு மூடி, அலமாரியில் ஏற்கெனவே காத்திருக்கும் பெட்டிகளின்மேல் வைத்துவிடுவார். கட்டுவதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று, கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு ஒன்று. இப்போது கட்டுகிற வேகத்தில் கட்டினால் எல்லாவற்றையும் முடிக்க அவர் நூற்றிருபது வயதுவரை இருந்தாக வேண்டும். இருப்பதாகத்தான் உத்தேசம்.

மனைவிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மாடியில் அந்த அம்மாளுக்கு ஓர் அறை இருக்கிறது. ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதற்காக வாங்கிய துணிகள் அதன் கூரையைத் தொடுகின்றன. இவர் மாடி அறையைத் திறப்பதில்லை. அம்மாள் நிலவறைப் பெட்டிகளை எண்ணுவதில்லை. வல்லரசுகளுக்குள் எழுதிப் போட்ட எத்தனையோ ஒப்பந்தங்கள் கிழிந்து போயின. எழுதாத இந்த ஒப்பந்தம் மட்டும் நிற்கிறது.

ஒருவழியாகப் பெட்டி திறக்கப்படுகிறது. பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தோடு சமையலறைத் தொட்டியில் பாத்திரச் சோப்புப் போட்டுக் குளிக்கின்றன. அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. அன்றைய இரவுச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவப்படாமல் கிடக்கும்; நாட்டிலஸ் கழுவப்பட்டிருக்கும்.

அடுத்து ஒளிக்கசிவு என்னும் பெரும்பகை. பார்வைக்குக் கெட்டியாக இருக்கும் பிளாஸ்டிக், உள்ளே விளக்கைப் போட்டதும் குட்டு உடைந்துவிடும். ஜன்னலோடு சேர்த்துக் கப்பல் முழுவதும் மங்கலாக எரியும். ஆகவே உள்பக்கம் கறுப்பு அடிக்க வேண்டும், வெளிச்சத்தைத் தடுக்க. கறுப்பின்மேல் வெள்ளை அடிக்க வேண்டும், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப. யாரும் பார்க்கப் போகாத பக்கத்துக்கு இரண்டு பூச்சு ஆன பிறகே ஊர் பார்க்கும் பக்கத்தின் முறை வரும்.

பிறகு மின்சாரம். 9 வோல்ட் பேட்டரி. வெள்ளை எல்.இ.டி. தனக்கென்று எடுத்துக்கொள்வது சுமார் 3 வோல்ட். மிச்சம் 6. மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் என்றால் 300 ஓம். கடையில் அதற்கு அடுத்தபடியாகச் சுலபமாகக் கிடைப்பது 330 ஓம் ரெசிஸ்டர். வருமான வரிக் கணக்கை ஆடிட்டர் தலையில் கட்டுகிறவர், ஓட்டல் பில்லுக்கு டிப்ஸ் கணக்கிட மனைவியைப் பார்க்கிறவர், இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

உள்ளே கேப்டன் நெமோவின் கூடம். வெர்ன் கணக்குப்படி நெமோவிடம் 12,000 புத்தகங்கள். அத்தனையையும் வைக்க முடியாதென்பதால், புத்தக அலமாரியின் படத்தை நகம் அளவுக்கு அச்சடித்து ஒட்டுகிறார். அப்புறம் நெமோ வாசிக்கும் பைப் ஆர்கன். அதன் குழல் ஒவ்வொன்றுக்கும் தங்க நிறம். இதை முடிப்பதற்குள் வெளியே இலையுதிர் காலம் போய்ப் பனி விழுந்துவிடும். கடைசியில் நம்மைக் கூப்பிடுவார். நாம் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி வட்ட ஜன்னல் வழியே பார்ப்போம்.

“என்ன தெரிகிறது?”

“சிவப்பாக ஏதோ.”

“அது கம்பளம். ஆர்கன் அதற்குப் பின்னால்.”

“பின்னால் தெரியவில்லையே.”

“தெரியாது. ஆனால் இருக்கிறது.”

இந்த ஒரு வரிதான் இவருடைய மதம், தத்துவம் எல்லாம்.

நெமோவும் கூடத்தில் நிற்கிறார். 1/144 அளவில் ஆறடி ஆள் 13 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த உயரத்துக்குள் 1954 படத்தில் நெமோவாக நடித்த ஜேம்ஸ் மேசனின் தாடியைக் கொண்டுவந்துவிடுகிறார். முகத்துக்கு வெள்ளைக்காரத் தோல் நிறம். இங்கே நாம் கொஞ்சம் தொண்டையைக் கனைக்கலாம். வெர்ன் பின்னால் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில் நெமோ யார் என்று சொல்லிவிடுகிறார்: பண்டல்கண்டின் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் உறவினர், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர். அதுமட்டுமா, நாட்டிலஸ் நம் மன்னார் வளைகுடாவுக்கே வந்திருக்கிறது. முத்துக்குளிப்பவர் ஒருவரைச் சுறாவின் வாயிலிருந்து மீட்டு, கைநிறைய முத்தும் கொடுத்து அனுப்புகிறார் நெமோ. இவ்வளவையும் சொல்லி முடித்தால் நிலவறைக்காரர் பொறுமையாகத் தலையாட்டுவார். “அது வெர்ன் நெமோ. இது டிஸ்னி நெமோ” என்பார். முகத்தின் நிறம் மாறாது. நெமோவின் முகத்தைத்தான் சொல்கிறேன்.

இப்போது இரண்டு பாதியையும் ஒட்டி மூட வேண்டிய நேரம். கண்ணாடிப் பாகத்தின் அருகே சூப்பர் குளூ போகக் கூடாது. அதன் ஆவி பட்டால் ஜன்னலில் வெள்ளைப் படலம் படிந்துவிடும், ஆர்கனோடு கம்பளமும் மறைந்துவிடும். அங்கே சாதாரண வெள்ளைப் பசைதான். வயர்கள் தாங்கியின் பித்தளைக் குழாய் வழியே வெளியே வருகின்றன. ஒட்டுமுன் விளக்குகளைச் சோதிக்கிறார், எல்லாம் எரிகின்றன. ஒட்டுகிறார். இணைப்பில் பட்டி பார்க்கிறார். உப்புத்தாளை 400, 800, 1000 என்று இறங்காமல் ஏறிக்கொண்டே போய் இழைக்கிறார். இரண்டு துண்டு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஆனதும் ஸ்விட்சைத் தட்டுகிறார். இடது கண் எரிகிறது. வலது கண் எரியவில்லை.

பத்து வயதுப் பையனாக இருந்தால் அழுதிருப்பான். இவர் விவரப் பலகையில் ‘போரில் சேதமுற்ற நிலை’ என்று எழுதி வைத்துவிடுகிறார்.

அதன் பிறகு பெயிண்ட். இத்தனை நாள் கண்ணாடியாக இழைத்த உடம்பின்மேல் ஏர்பிரஷ் கொண்டு சாம்பல், பழுப்பு, அதன்மேல் துரு, உப்புப் படிவு, பாசி என்று அடுக்கடுக்காக ஏற்றுகிறார். தண்ணீரையே பார்க்காத கப்பல் அவர் கையில் ஐம்பது வருஷம் கடலில் கிடந்ததாக ஆகிவிடுகிறது. வாசலில் நிற்கும் அவர் காரிலும் துரு உண்டு. அதற்கு யாரும் பரிசு தருவதில்லை.

பரிசு என்றதும் போட்டி நினைவுக்கு வருகிறது. பிளாஸ்டிக் மாடல்காரர்களின் சங்கமான ஐ.பி.எம்.எஸ். நடத்தும் கண்காட்சிகளில் நடுவர்கள் குட்டி டார்ச்சோடு வந்து, இணைப்பில் கோடு தெரிகிறதா, பெயிண்டில் தூசி இருக்கிறதா என்று துழாவுவார்கள். அங்கே இவருடைய சிக்கல் வேறு. கப்பல் மேசைக்குக் கொண்டுபோனால், “இது விண்வெளிக் கப்பல்களோடு போக வேண்டியது” என்பார்கள் போர்க்கப்பல்காரர்கள். அங்கே கொண்டுபோனால், “இது தண்ணீரில் போவதாயிற்றே” என்பார்கள் ராக்கெட்காரர்கள். நாட்டிலஸைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் இவரைப் பார்த்தால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று கடலுக்குப் போன நெமோவின் நியாயம் புரியும்.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை சீவியூவின் ஜன்னல்தான். 1961-ல் வந்த சினிமாவிலும் தொடரின் முதல் பருவத்திலும் மூக்கில் எட்டு ஜன்னல். பறக்கும் குட்டி நீர்மூழ்கி ஒன்றைச் சேர்த்த இரண்டாம் பருவத்திலிருந்து நான்கு. மோபியஸ் கம்பெனி 39 அங்குல நீளத்தில் சீவியூ கிட் கொண்டுவந்தபோது, மூன்றடி அலமாரி வைத்திருந்தவர்கள்கூட நீளத்தைப் பற்றிப் புலம்பவில்லை; ஜன்னலைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தப் பறக்கும் குட்டி, தாய்க்கப்பலின் வயிற்றுக்குள் நுழையவே முடியாது என்பது தொடரைப் பார்த்த குழந்தைக்கும் தெரியும். ஸ்டுடியோக்காரர்கள் படச்சுருளை வெட்டி ஒட்டி மறைத்ததை, நம்மவர் அங்குலக்கோல் வைத்து நுழைத்துக் காட்டப் பார்க்கிறார். இல்லாத கப்பலைப் பற்றி அதை உருவாக்கியவர்கள் சொன்ன பொய்யை, அறுபது வருஷம் கழித்து உண்மையாக்குகிற கடமை இவர் தலையில் விழுந்திருக்கிறது. விழுந்ததாக அவரே எடுத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பொழுதுபோகாமல் அடுத்த வீட்டைப் பார்க்கிறவர்களும், அரசியல் பேசி ரத்த அழுத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களும் நிறைந்த வயதில், இவர் யாருக்கும் தொல்லை இல்லாமல் 330 ஓம் ரெசிஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். தேசத்துக்கு இது லாபமே.

ஆகவே வாசகர்களே, இப்படி ஒருவர் உங்களை நிலவறைக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். ஆனால் சில விதிகளை மறக்க வேண்டாம். “தண்ணீரில் மிதக்குமா?” என்று கேட்காதீர்கள். மாடியில் ஆள் இருக்கும்போது விலையைக் கேட்காதீர்கள். எரியாத கண்ணைச் சுட்டிக்காட்டாதீர்கள். அறை விளக்கை அணைக்கச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள். அன்று முதல் நீங்கள் அந்த வீட்டு உறவு. “எட்டு ஜன்னலா, நாலு ஜன்னலா?” என்று மட்டும் கேட்பதாக இருந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று உங்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.