மாமா பாதை

மருமகன், நேற்று மஃரிபுக்கு முந்தி நம்ம ஓட்டமாவடிப் பாலத்தில நீ பறந்ததைப் பார்த்தன். மீன் வாங்க நின்ற சனமும் பார்த்துது. திரும்பி வரக்குள்ள கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நாக்குத் தள்ளி நின்றதையும் அதே சனம்தான் பார்த்துது.

பாவா ஆதம் மலைக்குப் போறியாம். அது 2,243 மீற்றர் உசரம். ஹட்டன் பக்கத்தால ஏறினா ஐயாயிரத்துக்கு மேல படி. நம்ம ஊரில உசரமெண்டா பள்ளி மினாராவும் பாலமும்தான். மினாராவில உன்னை ஏத்தமாட்டாங்க. பழைய இரும்புப் பாலத்தில ரயிலும் லொறியும் ஒரே தடத்திலதான் போனது. ரயில் வந்தா எந்தக் கொம்பனும் நிக்கணும். அந்தக் காலத்தில நீ பிறந்திருந்தா நிக்கவாச்சும் படிச்சிருப்பாய்.

எவ்வளவு வேகமா நடக்கிறதெண்டு கேக்கிறாயா? பக்கத்தில வாறவனோட ஊர்க்கதை பேசிக்கிட்டு நடக்க முடியணும். கதை பாதியில அறுந்தா வேகம் கூடிப்போச்சு. புறம் பேசுறது பாவம்தான், ஆனா மூச்சை அளக்க அதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது. ஒரு கிழமை பாலத்தை ரெண்டு தரம் நட. உடம்பு முனகாட்டி மூணாக்கு. பிறகு முதுகில தண்ணிப் போத்தல்களைக் கட்டிக்கிட்டு உங்கட மாடிப்படியில ஏறி இறங்கு.

இறங்குறதுதான் ஆளைக் கவிழ்க்கும். தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே உன்ட பாரத்தைத் தாங்கணும். நோவு அண்டைக்குக் காட்டாது. அடுத்த நாள், அதுக்கடுத்த நாள், கக்கூசில குந்தக்குள்ள இந்த மாமாவை நினைப்பாய்.

1344 இல இப்னு பதூதா அந்த மலையில ஏறினார். அவருக்கு யாழ்ப்பாணத்து ராசா ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் சாமான் சுமக்க 15 பேரும் குடுத்து அனுப்பினார். உனக்கு நான் மட்டும்தான். மலைக்கு ரெண்டு பாதை எண்டு அவர் எழுதி வச்சிருக்கார்: பாபா பாதை, மாமா பாதை. பாபா பாதை கடுமை. மாமா பாதை லேசு, ஆனா அதால ஏறிப் போனவனை ஏறினவன் எண்டே சனம் கணக்கெடுக்கலியாம். அவர் சொன்ன மாமா நம்ம ஹவ்வா உம்மா, நானில்ல. எண்டாலும் அந்தப் பேரை விட்டுக்குடுக்க எனக்கு மனமில்ல. சனம் கணக்கெடுக்காட்டிப் போகட்டும், முழங்கால் மிஞ்சும்.

சீசன் மார்கழிப் போயாவில தொடங்கி வெசாக் வரைக்கும் கிடக்கு. நாளைக்கு சுபஹு தொழுதிட்டுப் பாலத்தடிக்கு வா. உன்ட புதுச் சப்பாத்தையே போட்டுக்கிட்டு வா. கொப்புளம் வாறதெண்டா வீட்டுக்குக் கிட்ட வரட்டும். யாரைப் பத்திக் கதைக்கிறதெண்டு நான் யோசிச்சு வைக்கிறன்.